48 வயதில் கேமரா, மியூசியத்துக்குள்ளேயே ஸ்டுடியோ: யார் இந்த ஜூலியா கேமரன்?

காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கும் ஏனாத்தூர் பக்கம் போனால், படிப்பை முடிச்சிட்டு கேமராவும் கையுமா சுத்துற இளைஞர்களை நிறையப் பார்க்கலாம். முகூர்த்த நாளில் கல்யாண வேலை, மத்த நாளில் பட்டுக் கடைக்குச் சேலை ஷூட், வைகாசி வந்தால் வரதராஜப் பெருமாள் கருட சேவை. நடுவில் நேரம் கிடைச்சா, குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் பெரியவரைப் படம் எடுப்பாங்க. படம் இன்ஸ்டாகிராமில் ஏறும், நாலு லைக் விழும், ரெண்டு நாளில் அடியில் போயிடும்.

அதில் யாராவது ஒருத்தருக்குக் கண்டிப்பா இந்தக் கேள்வி வரும். நான் எடுத்த படம் ஒரு மியூசியம் சுவரில் தொங்குமா? அதுக்கு என்ன வழி?

1865-ல் இதே கேள்வியோடு லண்டனில் ஒரு மியூசியத்தின் கதவைத் தட்டியவர் ஜூலியா மார்கரெட் கேமரன். பிறந்தது கல்கத்தாவில், இறந்தது இலங்கை மலையகத்தில். கேமராவைத் தொட்டது 48 வயதில். இன்று உலகின் பெரிய மியூசியங்கள் எல்லாம் இவர் படங்களைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கின்றன. அந்தப் படங்களில் சிலவற்றில் இருப்பது தமிழ் முகங்கள். ஆனால் அந்த முகங்களுக்குப் பெயர் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில் வருகிறது.

கல்கத்தா பொண்ணு, புதுச்சேரி உறவு

ஜூலியா பிறந்தது 1815 ஜூன் 11. அப்பா ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. அம்மா வழி பிரெஞ்சுக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் வேர் நம்ம புதுச்சேரியில் இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்த தாத்தா, புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் குடும்பத்தில்தான் பெண் எடுத்தார்.

வீட்டில் ஏழு சகோதரிகள். அழகுக்குப் பெயர் போன குடும்பம். ஆனால் ஜூலியா அந்த அழகுப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இவரைத் திறமைசாலி என்று மட்டும் சொன்னார்கள். பின்னாளில் ஆயிரத்துச் சொச்சம் முகங்களில் அழகைத் தேடி எடுத்தவர் இவர்தான்.

பிரான்சில் பாட்டி வீட்டில் படிப்பு. பிறகு இந்தியா திரும்பினார். உடம்பு சரியில்லாமல் 1836-ல் ஓய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனார். அந்தப் பயணத்தில் கிடைத்த இரண்டு அறிமுகங்கள் அவர் வாழ்க்கையை மாற்றின.

ஒருவர் ஜான் ஹெர்ஷல். வானியல் விஞ்ஞானி. போட்டோகிராபி என்ற சொல்லைப் பரவலாக்கியவர். நெகட்டிவ், பாசிட்டிவ் என்று நாம் சொல்வதும் அவர் புண்ணியம்தான். கேமரா கலை பிறந்த புதிதில், 1840-களின் தொடக்கத்தில், கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதி, மாதிரிப் படங்களும் அனுப்பினார்.

இன்னொருவர் சார்லஸ் ஹே கேமரன். சட்ட நிபுணர், ஜூலியாவை விட 20 வயது மூத்தவர். 1838-ல் இருவருக்கும் கல்கத்தாவில் கல்யாணம். மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையத்தில் சார்லஸ் ஓர் உறுப்பினர். 2024 வரை நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனில் புழங்கிய ஐ.பி.சி., அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு அந்த ஆணையத்தில்தான் உருவானது. அதற்கும் முன்பே இலங்கையின் நிர்வாகத்தை மாற்றி அமைத்த கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தத்தில் இருக்கும் கேமரன் இவர்தான். மக்களைச் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கிய ராஜகாரிய முறை 1833-ல் ஒழிந்தது அந்தச் சீர்திருத்தத்தால்.

அதே சார்லஸ், இலங்கை மலைகளில் காபித் தோட்டங்கள் வாங்கிப் போட்டார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதை கடைசியில் இங்கேதான் திரும்பி வரும்.

மகள் கொடுத்த கிஃப்ட்

1848-ல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1860-ல் வைட் தீவில் ஃபிரெஷ்வாட்டர் என்ற ஊரில் வீடு வாங்கினார்கள். இலங்கையில் இருந்த தோட்டத்தின் நினைவாக வீட்டுக்கு டிம்போலா என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவர் தோட்டத்தைப் பார்க்க அடிக்கடி இலங்கை போய்விடுவார். பெரிய வீட்டில் ஜூலியா தனியாக இருந்தார். 1863 கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்ற எண்ணம்தான்.

அந்தக் கேமராவைப் பொழுதுபோக்காக மட்டும் ஜூலியா வைத்துக்கொள்ளவில்லை. நிலக்கரி போட்டு வைத்த அறையை டார்க் ரூம் ஆக்கினார். கோழிக் கூண்டைக் காலி செய்துவிட்டு, கண்ணாடி போட்டு ஸ்டுடியோ ஆக்கினார். ஒரு மாதம் முட்டி மோதி, 1864 ஜனவரி இறுதியில் ஆனி என்ற சிறுமியைப் படம் எடுத்தார். தன்னுடைய முதல் வெற்றி என்று அவரே குறித்துவைத்த படம் அது.

அப்போ போட்டோ எடுக்கிறது எவ்ளோ கஷ்டம்?

இப்போ நாம ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கிறோம். அன்றைக்கு ஒரு படத்துக்கே பாதி நாள் போகும்.

அந்தக் காலத்து முறைக்கு ஈரக் கொலோடியன் என்று பெயர். ஒரு பெரிய கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சீராக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். அந்த ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே ஓடி வந்து கழுவ வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் தகடு வீண். அதன் பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால்தான் பிரிண்ட் கிடைக்கும்.

ஜூலியா முதலில் பயன்படுத்திய தகடு சுமார் 11-க்கு 9 அங்குலம். 1866-ல் 15-க்கு 12 அங்குலத் தகட்டுக்கு மாறினார். அத்தனை பெரிய கண்ணாடியைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த அம்மா ஓடியதை நினைத்துப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் ஆடாமல் இருக்க வேண்டும். விரல்கள் எல்லாம் ரசாயனக் கறை.

ஃபோகஸ் அவுட்டா? வேணும்னே செஞ்சதா?

மற்ற ஸ்டுடியோக்களில் முழு உருவம், பக்கத்தில் தூண், பின்னால் திரை, எல்லாம் பளிச்சென்று தெரியும். ஜூலியா முகத்துக்கு மிக அருகில் போனார். ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விட்டார். ஃபோகஸை முழுக்கத் திருகாமல், கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். தகட்டில் கீறலோ, விரல் ரேகையோ, கறையோ இருந்தாலும் பல நேரங்களில் அப்படியே பிரிண்ட் போட்டார்.

போட்டோகிராபி பத்திரிகைகள் அவரை விடவில்லை. தொழில் தெரியாத பொம்பளை, ஃபோகஸ்கூடச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்ற தொனியில் விமர்சனங்கள் வந்தன. ஓவியர்களும் கவிஞர்களும் நேர்மாறாக, இந்தப் படங்களில் உயிர் இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

ஒரு விஷயத்தில் ஜூலியா படு கறார். 1862-ல் பிரிட்டனில் வந்த சட்டம் போட்டோவுக்கும் காப்புரிமை கொடுத்தது. கேமரா கைக்கு வந்த அஞ்சாறு மாதத்துக்குள், 1864 மே மாதம், தன் படங்களைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். அடுத்த பதினொரு ஆண்டில் 500-க்கும் மேற்பட்ட படங்கள் அவர் பெயரில் பதிவாயின. லண்டனில் பிரபலமான கோல்நாகி கடை வழியாகப் பிரிண்டுகளை விற்கவும் செய்தார்.

மியூசியம் கதவு எப்படித் திறந்தது?

லண்டனில் அப்போது சவுத் கென்சிங்டன் மியூசியம் என்று ஒன்று இருந்தது. இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், சுருக்கமாக வி அண்ட் ஏ. அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோல். உலகின் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை 1843-ல் அச்சடிக்க வைத்தவர். மியூசியம் என்றால் பணக்காரர்கள் வந்து போகும் இடம் என்ற நினைப்பை உடைக்க முயன்றவர். பகலில் உழைக்கும் மக்களும் வந்து பார்க்கட்டும் என்று கேஸ் விளக்கு போட்டு இரவிலும் மியூசியத்தைத் திறந்து வைத்தார்.

அவர் 1856-லேயே மியூசியத்துக்காகப் போட்டோ சேகரிக்க ஆரம்பித்திருந்தார். 1858-ல் லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியின் கண்காட்சி அதே மியூசியத்தில் நடந்தது. ஆக, போட்டோவுக்கு அங்கே இடம் இருந்தது. ஆனால் புதிதாக வந்த ஓர் அம்மா எடுத்த, ஃபோகஸ் இல்லாத முகங்களுக்கும் இடம் இருக்குமா?

ஜூலியா யாரும் கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. 1865 மே மாதம் கோலையே கேமரா முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்தார். பிறகு கடிதம் எழுதினார். படங்களை அனுப்பினார். திரும்பவும் கடிதம் எழுதினார். அந்த ஆண்டே மியூசியம் அவருடைய படங்களை விலை கொடுத்து வாங்கியது. அவரும் கூடுதலாக அன்பளிப்பாகக் கொடுத்தார். ஆண்டு முடிவதற்குள் அவை அங்கே கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன.

கேமரா பிடித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோது அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்த ஒரே மியூசியமும் இதுதான்.

1868-ல் இன்னொரு படி மேலே போனது. மியூசியத்துக்குள்ளேயே இரண்டு அறைகளை ஸ்டுடியோவாகப் பயன்படுத்திக்கொள்ள கோல் அனுமதி கொடுத்தார். இன்று ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி என்று அப்ளிகேஷன் போட்டு வாங்குகிறோமே, அதற்கு அந்த மியூசியத்தில் முன்னோடி இந்த ஏற்பாடுதான்.

அப்போ மெட்ராஸ் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?

நம்ம ஊரும் சும்மா இல்லை. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் மெட்ராஸில் கலைப் பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். 1851-ல் மெட்ராஸ் மியூசியம் வந்தது. 1855-ல் மெட்ராஸில் நடந்த பெரிய கண்காட்சியில் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியின் போட்டோக்கள் பரிசு வாங்கின. அடுத்த ஆண்டே மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானது.

டிரைப்பை அரசே போட்டோகிராபராக நியமித்தது. 1857, 1858-ல் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை ஆல்பங்கள் வந்தன. அந்த வரிசையில் காஞ்சிபுரத்துக்கு ஓர் ஆல்பம் கிடைக்கவில்லை. 1860-க்குள் செலவு அதிகம் என்று சொல்லி அரசு அந்த வேலையையே மூடிவிட்டது. ஜூலியாவுக்கு மியூசியத்தில் அறை கிடைப்பதற்கு எட்டு ஆண்டு முன்னால் நடந்தது இது. ஓர் ஊரில் கதவு மூடியது, இன்னோர் ஊரில் திறந்தது. இரண்டுமே பொறுப்பில் இருந்தவர்களின் முடிவைப் பொறுத்துத்தான்.

பெயர் கிடைத்தது, காசு?

1865-ல் பெர்லினில் வெண்கலப் பதக்கம், 1866-ல் அங்கேயே தங்கப் பதக்கம். டார்வின், ஹெர்ஷல், கார்லைல், டென்னிசன் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் கேமரா முன் உட்கார்ந்தார்கள். ஹெர்ஷலின் தலைமுடியைக் கழுவச் சொல்லி, பறக்கவிட்டு எடுத்த படம் இன்றும் புகழ் பெற்றது.

ஆனால் கையில் காசு தங்கவில்லை. லண்டனில் கேலரிகளை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைத்தார். வாடகை, ஃப்ரேம், ரசாயனம், கண்ணாடி என்று செலவு ஓடியது. இலங்கைத் தோட்டங்கள் நினைத்த வருமானம் தரவில்லை. 1869-ல் இலங்கைக் காபியில் இலைத் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தீவின் காபித் தொழிலையே அழித்த நோய் அது.

அதே 1869-ல் இன்னொரு அடி. பத்திரமாக வைத்திருந்த கண்ணாடி நெகட்டிவ்களில் மேல் பூச்சு வெடித்து, வலை வலையாக விரிசல் விழ ஆரம்பித்தது. காரணம் கேட்டு கோலுக்கு எழுதினார், போட்டோகிராபிக் சொசைட்டியிடமும் முறையிட்டார். ஹார்ட் டிஸ்க் செத்துப் போனால் நமக்கு வயிறு எரியுமே, அதே வலிதான்.

கும்பகோணம் கனெக்‌ஷன்

இந்தக் கதைக்குள் ஒரு காதல் கதையும் உண்டு. மேரி ரயன் என்ற அயர்லாந்துச் சிறுமி தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஜூலியா அவளை வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்தார். படிக்க வைத்தார். வீட்டு வேலையும் செய்தாள், படங்களில் மாடலாகவும் நின்றாள். லண்டனில் ஜூலியா வைத்த கண்காட்சியில் மேரியைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார் ஓர் இளைஞர். 1867-ல் இருவருக்கும் கல்யாணம்.

மாப்பிள்ளை பெயர் ஹென்றி காட்டன். பிறந்த ஊர் நம்ம கும்பகோணம். அப்பா மெட்ராஸ் மாகாண அரசு அதிகாரி. பின்னாளில் அஸ்ஸாம் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகப் பேசி, தோட்ட முதலாளிகளின் கோபத்தைச் சம்பாதித்தார். 1904-ல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

இலங்கைக்குப் போன கேமரா

1875-ல் கேமரன் தம்பதி இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே கிளம்பினார்கள். சார்லஸுக்கு அப்போது 80 வயது. திரும்பி வருவோமோ மாட்டோமோ என்று சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். துறைமுகத்தில் பெட்டி தூக்கியவர்களுக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல் ஜூலியா தன் போட்டோக்களையே கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

களுத்துறையில் மகன் அரசு அதிகாரியாக இருந்தார். அங்கே கொஞ்ச காலம், மலையகத் தோட்டங்களில் கொஞ்ச காலம். கேமராவும் கூடவே போனது. ஆனால் அங்கே எடுத்ததில் இன்று மிஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவு. வெக்கை, ரசாயனம் கிடைப்பதில் சிக்கல், கழுவுவதற்கு நல்ல தண்ணீர் இல்லாதது என்று தடைகள் பல.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார்? சிங்கள மக்கள் உண்டு. தோட்டத்தில் வேலை பார்த்த தமிழர்களும் உண்டு. காபித் தோட்டங்களுக்காக மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன மக்கள். ஜூலியா இலங்கையில் இருந்த காலம் 1875 முதல் 1879 வரை. நம் பாட்டன் பூட்டன்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876–78 கொடும் பஞ்சம் சரியாக அதே நேரம். சோற்றுக்கு வழி இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் கடல் கடந்த ஆண்டுகள் அவை. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மலை நோக்கி நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

பெயர் எங்கே?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிதர்களின் படத்துக்குக் கீழே பெயர் இருக்கும். டார்வின் டார்வின்தான், கார்லைல் கார்லைல்தான். வீட்டு வேலை செய்த பெண்கள் மாடலாக நின்றால் படத்தின் தலைப்பு மேரி மாதா, தேவதை, ஏதாவது காவிய நாயகி என்று மாறும். அப்படியும் மேரி ஹில்லியர், மேரி ரயன் என்று அவர்களின் சொந்தப் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த வீட்டைப் பற்றி எழுதியவர்கள் அதைப் பதிவு செய்தார்கள்.

இலங்கைப் படங்களில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1878-ல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர்கள் குழு. அதில் இருக்கும் பெண்ணுக்கு 12 வயது என்றும், பக்கத்தில் இருக்கும் கிழவர் தன்னை அவளுடைய அப்பா என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் ஜூலியா குறிப்பு எழுதினார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயர் மட்டும் அந்தக் குறிப்பில் இல்லை.

1877 தொடக்கத்தில் தாவரங்களை வரையும் ஓவியர் மரியான் நார்த் களுத்துறை வீட்டுக்கு வந்தார். ஜூலியா ஓர் ஆளின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காகவே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனை நச்சரித்த கதையை அவர் எழுதி வைத்திருக்கிறார். மகன் வீட்டில் தோட்டமே கிடையாது. அந்த மனிதரின் முதுகைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அவர் என்ன பெயரில் வாழ்ந்தார் என்பது அந்தக் கதையில் இல்லை.

இதை வைத்து ஜூலியாவை வில்லியாக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளியின் முகத்தையும் டார்வினின் முகத்தைப் போலவே நிதானமாக, மரியாதையாகப் பார்க்கிறது அவர் கேமரா. அந்தக் காலத்து வெள்ளைக்கார போட்டோகிராபர்கள் பலர் ஜாதி வாரியாக, இன வாரியாக மனிதர்களை நிற்க வைத்து அட்டவணை போட்டதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஆனாலும் அவர் தோட்ட முதலாளியின் மனைவி, எதிரில் நிற்பவர் கூலி. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்களா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

டிக்கோயாவில் முடிந்த பயணம்

1878-ல் ஒருமுறை இங்கிலாந்து போய் வந்தார் ஜூலியா. திரும்பிய கொஞ்ச நாளில், 1879 ஜனவரி 26-ம் தேதி, டிக்கோயா பள்ளத்தாக்கில் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காலமானார். வயது 63. பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அடுத்த ஆண்டே இறந்த சார்லஸும் பக்கத்திலேயே அடக்கம். சுற்றிலும் இன்று தேயிலை மலை. அந்த மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள்.

கேமரா பிடித்தது சுமார் 15 ஆண்டுகள்தான். அதற்குள் சுமார் 1,200 படங்கள். கொஞ்ச காலம் மறக்கப்பட்டார். 1926-ல் அவர் படங்களின் தொகுப்பு நூல் வந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர்களில் ஒருவர் நாவலாசிரியர் வர்ஜினியா வுல்ஃப். ஜூலியாவின் தங்கை பேத்தி அவர். 2015-ல், பிறந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, வி அண்ட் ஏ மியூசியம் பெரிய கண்காட்சி நடத்தியது. 150 ஆண்டுக்கு முன்னால் அவர் கோலுக்கு எழுதிய கடிதங்களும் படங்களோடு காட்சிக்கு வந்தன. ஃபிரெஷ்வாட்டரில் அவர் குடியிருந்த டிம்போலா வீடும் இப்போது போட்டோ கேலரிதான்.

சரி, ஏனாத்தூருக்கு இதுல என்ன இருக்கு?

ஜூலியாவுக்கு வசதி இருந்தது, பெரிய இடத்துப் பழக்கம் இருந்தது. நமக்கு அது இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் செய்ததில் நாமும் செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, கேட்பது. ஏனாத்தூரிலிருந்து எழும்பூர் மியூசியம் சுமார் 70 கிலோமீட்டர்தான். 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே இருக்கிறது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் கேலரிகள் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம், விசாரிக்கலாம், எழுதலாம். ஒரு கடிதத்துக்குப் பதில் வரவில்லையா, அடுத்ததை எழுதணும்.

இரண்டாவது, தொடராக எடுப்பது. ஜூலியா கோலிடம் காட்டியது ஒரே ஓர் அழகான படம் கிடையாது. ஒரே பார்வையில் எடுத்த கத்தையைக் காட்டினார். கருட சேவையில் எடுத்த ஒரு நல்ல ஷாட் லைக் வாங்கும். ஒரே நெசவாளர் குடும்பத்தை மூன்று ஆண்டு எடுத்தால், பாவு ஓடுவதிலிருந்து சேலை மடிப்பது வரை எடுத்தால், அதைப் பார்த்து ஒரு மியூசியம் யோசிக்கும்.

மூன்றாவது, உரிமை. இந்தியாவில் போட்டோவுக்குக் காப்புரிமை எடுத்த நொடியிலேயே வந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. எடுத்தவரின் ஆயுளோடு சேர்த்து அதன் பிறகு 60 ஆண்டு அது செல்லும். ஆனால் ஒன்று. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன கல்யாணப் படம், சேலைப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை காசு கொடுத்தவருக்குப் போகும். கண்காட்சிக்கு வைக்க நினைக்கும் படம் என்றால் முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க.

நான்காவது, பேக்கப். விரிசல் விட்ட ஜூலியாவின் கண்ணாடிகளை நினைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, பெயர். மியூசியம் சம்பளம் தருவது அபூர்வம், ஜூலியாவுக்கே தரவில்லை. அது தருவது ஆயுள். இன்று நீங்கள் எடுக்கும் குழித்தறிப் பெரியவரின் படம் நூறு ஆண்டு கழித்தும் எங்காவது தொங்கலாம். அதன் கீழே காஞ்சிபுரம் நெசவாளர் என்று மட்டும் எழுதியிருந்தால், களுத்துறையில் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கும். அடுத்த தடவை ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க: படம் எடுக்கலாமா, உங்க பேர் என்ன? பதிலை அன்றைக்கே எழுதி வெச்சிடுங்க.